வேலிப் பேனல்: படலா, தட்டியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தோட்ட வேலி போடுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். மண்ணில் நடும் போஸ்ட்டுக்குத் ‘தூண்’, இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் அடைக்கும் பேனலுக்குப் ‘பலகம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அட்டவணையில் இருக்கிறது. பேனல் அகலம் 1.83 மீட்டர், மரப் போஸ்ட் 10 செ.மீ. சதுரம். ‘இடைவெளி’ என்று எழுதினால் ஒருவர் 1.83இல் குழி தோண்டுவார், இன்னொருவர் 1.93இல் தோண்டுவார். வழி சொல்லுங்கள்.

*

பலகம் வேண்டாம். பலகை என்றே படித்துவிடுவார்கள். ‘படல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? முள்ளையோ ஓலையையோ சட்டத்தில் பரப்பிக் கட்டித் தூக்கி வைத்து அடைப்பது படல். படர், படாம், படலை எல்லாவற்றிலும் பரப்பு என்ற கருத்தே ஓடுகிறது. போஸ்ட்டுக்கு ஈழத்தமிழின் ‘கதியால்’ இருக்கிறது. இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் உள்ள இடத்துக்கு ‘அங்கணம்’. இரு தூண்களின் நடுவிடம் என்று அகராதியே பொருள் தருகிறது.

*

அங்கணமா? 720ஆம் குறளில் அது அழுக்கு முற்றம். பாதிப் பேர் சாக்கடை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கதியாலும் பொருந்தாது ஐயா. அது பெரும்பாலும் துளிர்க்கும் உயிர்க்கொம்பு. அறுத்துப் பதப்படுத்திய மரத்துக்கும் காங்கிரீட்டுக்கும் அதை எப்படிச் சொல்வது?

இன்னொன்று. ‘வேலி அளவுகள்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். வேலி நிலத்தின் அளவும்கூட. 20 மா ஒரு வேலி. வேல மரத்து முள்ளால் அடைத்ததால்தான் வேலி என்ற பெயர் வந்தது என்பது என் துணிபு.

*

வேல், வேலி இரண்டும் ஒலியில் நெருங்குவது மட்டும் சான்றாகாது. முல்லைப்பாட்டில் பாசறையைச் சுற்றி முள்ளால் அடைத்ததைப் ‘புரிசை’, அதாவது மதில் என்றுதான் புலவர் சொல்கிறார். ‘வேலி’யை விட்டுவிட்டுப் புரிசையைப் பற்றி ஒரு தனி இழை தொடங்கலாம்.

*

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தச்சு வேலை செய்கிறவன். திங்கட்கிழமைக்குள் இவருக்குச் சொல் வேண்டும்.

‘தூண்’ வேண்டாம். தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. வேலியைத் தள்ளுவது பக்கவாட்டுக் காற்று. அதனால்தான் 1.8 மீட்டர் வேலிக்கு 2.4 மீட்டர் மரம் வாங்கி 60 செ.மீ. மண்ணுக்குள் விடுகிறோம். ஊன்றி நிற்பதற்குக் ‘கால்’ என்பதே பேச்சு: மூலைக்கால், முனைக்கால், கதவுக்கால். பேனலுக்குத் ‘தட்டி’ போதும், யாருக்கும் புரியும்.

இடைவெளிக்கு இரண்டு சொல் வேண்டும். காலுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் ‘உள்கூடு’. ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடு வரை ‘மையத்துக்கு மையம்’; குழி தோண்ட வேண்டியது இந்த அளவில். ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், மரக்காலில் தட்டி இரண்டுக்கும் நடுவில் உட்காரும். உள்கூடும் தட்டியும் அநேகமாக ஒன்றே. காங்கிரீட் காலில் இரு பக்கமும் காடி, அதாவது நீளவாட்டில் பள்ளம் இருக்கும். தட்டியின் விளிம்பு காடிக்குள் இறங்கும். அங்கே உள்கூடு தட்டியைவிடக் குறைவு. 1.83ஐ உள்கூடாக வைத்து நட்டால் தட்டி காடியில் பிடிக்காது, காற்றடித்ததும் கழன்று விழும்.

*

உள்கூட்டை ஏற்கிறேன், நல்ல சொல். ஆனால் தட்டி என்றால் இன்று விளம்பரத் தட்டிதான் நினைவுக்கு வரும். வழக்கில் இருக்கிறது என்பதற்காகப் படலைக் கைவிடுவது நியாயமா?

*

படலைக் கேட்டால் எனக்கு ஓலைதான் தெரிகிறது, அறுத்த மரம் தெரியவில்லை. பேசாமல் ‘பேனல்’ என்றே எழுதுங்கள். கடையில் அப்படித்தானே கேட்டு வாங்குகிறார்கள்?

*

எல்லோருக்கும் நன்றி. கால், தட்டி, உள்கூடு, மையத்துக்கு மையம் என்று போடுகிறேன். தட்டி முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘வேலித்தட்டி, அதாவது பேனல்’ என்று இருக்கும். மண் ஈரம் தட்டியில் ஏறாமல் அடியில் வைக்கும் பலகைக்கு ‘அடிப்பலகை’ என்று எழுதியிருக்கிறேன். காலின் தலையில் மழைநீர் இறங்காமல் மூடும் வில்லைக்குத் ‘தொப்பி’ சரியா? இன்று இரவுக்குள் சொன்னால் நல்லது.

*

தொப்பி வேண்டாம், ‘குல்லாய்’ இருக்கிறது. இரண்டுமே தமிழ்தானா என்று நாளை விரிவாக எழுதுகிறேன். தட்டிக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: படல்.