மலையிலிருந்து கடலோரத்துக்குக் குடிபோகிறேன், பைக்கை எப்படிக் கொண்டுபோவது?

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி. லாரியில் அனுப்பலாமா, ஓட்டிக்கொண்டே போகலாமா? விற்றுவிட்டு அங்கே புதுசு வாங்கு என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அதை மட்டும் இங்கே யாரும் சொல்ல வேண்டாம்.

பதில் 1:
லாரியே போதும். டேங்கில் பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பட்டையை ஹேண்டில்பாரில் போட்டு இழுத்தால் அது வளைய வாய்ப்புண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் போடச் சொல்லுங்கள். முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கு ஆபத்து. அவசரத்தில் சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அப்புறம், ஓடோமீட்டர் உட்பட எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
உப்புக் காற்று செயினையும் ஸ்போக்கையும்தான் முதலில் பிடிக்கும். செயினுக்கு அடிக்கடி எண்ணெய் (செயின் லூப்) போடுங்கள். ஈர வண்டிக்கு பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. மலைக்காக, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றியிருக்கிறேன். அப்படியே விடலாமா?

பதில் 1:
கூடாது! கீழே காற்று அடர்த்தி அதிகம். அதே ஜெட்டில் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். பழைய ஜெட்டை வைத்திருக்கிறீர்களா? இறங்கியதும் முதல் வேலையாக அதை மாட்டுங்கள்.