புது தாயக்கட்டையில தாயமே விழ மாட்டேங்குது, உதவுங்க

மாங்கொட்டை:
பித்தளைத் தாயக்கட்டை, புதுசு. காலையில இருந்து உருட்டுறோம், ஒருத்தருக்கும் தாயம் (ஒண்ணு) விழல. அது விழாம காயை இறக்க முடியாதே, எல்லாம் வெளியவே கிடக்குது, பசங்க முகம் வாடிப்போச்சு. கட்டையில கோளாறா? சாயங்காலம் ஓசூர் கிளம்பிடுவாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

பாலக்கோட்டான்:
அஞ்சு கட்டமா, ஏழு கட்டமா? எத்தனை பேர் ஆடுறீங்க? என்னென்ன விழுதுன்னும் சொல்லுங்க.

ஊத்தங்கரை அக்கா:
தரைதான் காரணம். டைல்ஸ்ல பித்தளை வழுக்கிட்டுப் போகும், புரளாது. கோரைப்பாய் விரிச்சு, ரெண்டு கட்டையையும் உள்ளங்கையில நல்லா உரசி உருட்டிப் பாருங்க தம்பி.

கட்டைக்கணக்கு:
இதே கேள்வி இங்க அடிக்கடி வருது. அடிப்படை தெரிஞ்சுக்காம கட்டையைக் குறை சொல்லக் கூடாது. ஒரு கட்டைக்கு 0 (புள்ளி இல்லாத வெறும் பக்கம்), 1, 2, 3 னு நாலு பக்கம். ரெண்டும் சேர்ந்தா 16 விதமா விழும். அதுல 1-உம் வெறும் பக்கமும் சேர்ந்து தாயம் ஆகுறது 2 விதம், அதாவது எட்டுல ஒரு பங்கு. 20 தரம் உருட்டியும் விழாமப் போக நூத்துக்கு 7 வாய்ப்பு உண்டு. பொறுமையா உருட்டுங்க.

பென்னாகரம்80:
கட்டையை ஓரமா வைங்க. நம்ம பக்கம் புளிக்கா பஞ்சம்? ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியுற வரைக்கும் தரையில உரசுங்க. ஒண்ணு மட்டும் வெள்ளைன்னா தாயம், எல்லாம் கறுப்புன்னா 12.

கட்டைக்கணக்கு:
அதுல தாயம் 64-க்கு 6 தான். கட்டையை விடக் குறைச்சல். யோசிச்சு எழுதுங்க.

பென்னாகரம்80:
கணக்கு சரிங்க. ஆனா எங்க வீட்டுல முதல் காய்க்கு மட்டும்தான் தாயம். அது விழுந்தா மத்த காயும் கூடவே இறங்கிடும். அதனால ஒண்ணும் தாமதம் ஆகாது.

ஊத்தங்கரை அக்கா:
அது எப்படிங்க? ஒவ்வொரு காய்க்கும் தாயம் போட்டுத்தான் இறக்கணும். எங்க அம்மா காலத்துல இருந்து அப்படித்தான். எல்லாம் ஒரே தாயத்துல இறங்கிட்டா தாயத்துக்கு என்ன மதிப்பு?

பென்னாகரம்80:
ஆறு காய்க்கும் தனித்தனியா தாயம்னா, சின்னப் பசங்க எழுந்து போயிடுவாங்கக்கா. எங்க வீட்டுல பாத்திருக்கேன்.

மாங்கொட்டை:
ஏழு கட்டம், நாலு பேர். பாய் போட்டும் பாத்தாச்சு. 3, 6, 12 எல்லாம் விழுது. பெரியவனுக்கு 11 விழுந்துச்சு, அதுக்கு மறு உருட்டு உண்டா?

பாலக்கோட்டான்:
11-ஆ? தாயத்துல 6 தாண்டினா நேரா 12 தான், அதுவும் ரெண்டும் வெறும் பக்கமா விழுந்தாத்தான். நடுவுல 7, 8, 11 எதுவும் வராது. ஒரு கட்டையை எடுத்து நாலு பக்கமும் புள்ளி எண்ணிச் சொல்லுங்க. எங்க வாங்கினது?

மாங்கொட்டை:
1, 2, 5, 6. மச்சான் ஜெய்ப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தாரு. பெட்டியில மூணு கட்டை இருந்துச்சு, ரெண்டைத்தான் எடுத்தோம்.

பாலக்கோட்டான்:
அது சௌபர்ங்கிற வடக்கத்தி ஆட்டத்துக் கட்டைங்க. அவங்க மூணு கட்டை போட்டு ஆடுவாங்க. வெறும் பக்கமே இல்ல, ரெண்டு கட்டையில குறைஞ்சது 2 விழும். பொங்கல் வரைக்கும் உருட்டினாலும் தாயம் வராது. தூக்கிப் போட வேண்டாம். 6 உள்ள பக்கத்தை வெறும் பக்கம்னும், 5 உள்ளதை 3 னும் வெச்சுக்குங்க. 1, 2 அப்படியே. அச்சு அசல் தாயக்கட்டை ஆயிடும்.

கட்டைக்கணக்கு:
புள்ளியை முதல்லயே சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

ஊத்தங்கரை அக்கா:
பாலக்கோட்டுத் தம்பி, அருமை. ஆனா பென்னாகரம் சொல்ற மாதிரி ஒரே தாயத்துல எல்லாக் காயையும் இறக்கிடாதீங்க.

மாங்கொட்டை:
சின்னவளுக்குத் தாயம் விழுந்துருச்சு! ரொம்ப நன்றிண்ணா. ஆடிட்டு வரேன்.

பென்னாகரம்80:
ஒரு காயா, எல்லாக் காயுமா, எப்படி இறக்கினீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. எதிராளி காயை வெட்டாமலே உள்கட்டத்துக்கு விடுவீங்களான்னும் தெரியணும்.