65 ஆனா எல்லாருக்கும் மெடிகேர், அப்புறம் கேன்சர் ஸ்க்ரீனிங்ல (அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே பண்ற டெஸ்ட்) இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் ஏன் இந்த வித்தியாசம்?

டல்லஸ்_முருகன்:
அமெரிக்கால 65 தாண்டுனா கறுப்பர் வெள்ளையர்னு இல்லாம கிட்டத்தட்ட எல்லாருக்கும் மெடிகேர்ங்கற அரசாங்க இன்ஷூரன்ஸ் வந்துடுது. மார்பக கேன்சருக்கு மாமோகிராம் எக்ஸ்ரே வருஷா வருஷம், குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்கற கொலோனோஸ்கோப்பி பத்து வருஷத்துக்கு ஒருதடவ, கைக்காசு கிடையாது. அதுக்கப்புறமும் போகலன்னா அக்கறை இல்லன்னு தான அர்த்தம், இதுல இனம் ஊருன்னு ஏன் இழுக்குறீங்க?

மெம்பிஸ்_நர்ஸ்:
முருகன் அண்ணா, கார்டு இருந்தா மட்டும் டெஸ்ட் நடந்துடாது. கொலோனோஸ்கோப்பின்னா முந்தின நாளே மருந்து குடிச்சு வயித்த காலி பண்ணனும், மயக்கம் குடுக்கறதால வீட்டுக்கு கூட்டிட்டு போக ஒரு ஆள் வேணும், தனியா இருக்கற 70 வயசு அம்மா யார கூப்பிடுவாங்க? 2010க்கு அப்புறம் நாடு முழுக்க நூத்துக்கும் மேல கிராமத்து ஆஸ்பத்திரி மூடிருக்கு. குடல் கேன்சர் சாவு அதிகம் இருக்கற இடம்னு 2015ல மூணு குறிச்சாங்க: மிசிசிப்பி டெல்டா, அப்பலாச்சியா மலைப்பகுதி, வர்ஜீனியா வட கரோலினா கிழக்குப் பக்கம். டெல்டால கறுப்பர் அதிகம், அப்பலாச்சியால பெரும்பாலும் ஏழை வெள்ளைக்காரங்க. இத்தனை பேருக்கும் ஒண்ணா அக்கறை இல்லாம போச்சா? அப்புறம் கைக்காசு இல்லன்னீங்க, டெஸ்ட்ல பாலிப் (குடல்ல வளர்ற சின்ன சதை) இருந்து எடுத்தா செலவுல இப்பவும் 15 சதவீதம் நம்ம தலைல தான், 2022 வரைக்கும் 20.

சிகாகோ_கதிர்:
நான் ரெண்டு பேர் சொல்றதையும் ஒத்துக்கல. மாமோகிராம் எடுக்கறதுல கறுப்பின பெண்கள் வெள்ளைக்காரங்களுக்கு குறைஞ்சவங்க இல்ல, மார்பக கேன்சர் வர்றதும் அவங்களுக்கு கொஞ்சம் கம்மி தான், ஆனா சாவு கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிகம். ட்ரிப்பிள் நெகட்டிவ்னு வைத்தியத்துக்கு கஷ்டமான வகை அவங்களுக்கு அதிகம் வருதுங்கறது ஒரு காரணம், ஆனா ரிப்போர்ட்ல சந்தேகம்னு வந்தப்புறம் சதை எடுத்து பாக்கற பயாப்சி, கீமோ மருந்துன்னு ஒவ்வொரு படியிலயும் லேட் ஆகுதே அதுக்கு யார் பொறுப்பு? ஸ்க்ரீனிங் சதவீதத்த மட்டும் ஏத்திட்டு திருப்தியா உக்காந்துடக் கூடாது.

டல்லஸ்_முருகன்:
வயசானவங்கள ஓயாம டெஸ்டுக்கு தள்றதும் தப்பு தான. குடல் கேன்சருக்கு 75 வரைக்கும் தான் எல்லாருக்கும், 76லருந்து 85 வரை ஆள பாத்து முடிவு பண்ணுங்கன்னு ஸ்க்ரீனிங் பரிந்துரை குடுக்கற அமெரிக்க நிபுணர் குழு டாஸ்க் ஃபோர்ஸே சொல்லுது.

மெம்பிஸ்_நர்ஸ்:
76க்கு மேல நீங்க சொல்றது சரி அண்ணா, நான் பேசறது 75 வரைக்கும் உள்ளவங்கள. கதிர் சொன்னதுக்கும் சேத்து டெலாவேர் மாநிலத்த பாருங்க. நர்ஸ்ங்கள வெச்சு ஆள தேடிப் போயி, டெஸ்ட் வரைக்கும் கூடவே நின்னு, இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கு கேன்சர்னு தெரிஞ்சா வைத்தியச் செலவையும் மாநிலமே ஏத்துக்கிட்டாங்க. 2001ல குடல் ஸ்க்ரீனிங் கறுப்பருக்கு 48, வெள்ளையருக்கு 58 சதவீதம். 2009ல ரெண்டுமே 74. குடல் கேன்சர்ல கறுப்பர் சாவும் 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது.

டல்லஸ்_முருகன்:
அது சின்ன மாநிலம்மா. உங்க மெம்பிஸ் இருக்கற டென்னசி மாநிலத்துல பணத்துக்கு எங்க போவாங்க?

மெம்பிஸ்_நர்ஸ்:
டெலாவேர் செலவழிச்சது 1998ல சிகரெட் கம்பெனிங்க கூட போட்ட ஒப்பந்தத்துல வர்ற பணம். டென்னசிக்கும் அதே ஒப்பந்தத்துல வருஷா வருஷம் பணம் வருது அண்ணா.