ஒரே தெரு, ஒரே பேண்ட், வேறு வேறு கவுன்சில் வரி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நெடுங்கேணியான்

பிரிட்டனில் நாம் உள்ளூர் மன்றங்களுக்குக் கட்டும் கவுன்சில் வரிக்கான மார்ச் மாதச் சீட்டு எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மிட்லண்ட்ஸில் புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். எங்கள் வீட்டையும் எதிர் வீட்டையும் ஒரே நிறுவனம் ஒரே வரைபடத்தின்படி கட்டியது. வீட்டின் மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை பிரிக்கும் வரிப்படிகளில் இரண்டும் பேண்ட் டி. எதிர் வீட்டு அண்ணர் கோயம்புத்தூர்க்காரர். சென்ற வாரம் தேநீர் அருந்த வந்தவர் தம் சீட்டையும் கையோடு கொண்டுவந்து, சமையலறை மேசையில் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். கவுன்ட்டி கவுன்சில், முதியோர் பராமரிப்புக்கான கூடுதல் தொகை, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், போலீஸ், தீயணைப்பு என்று இருவரும் ஒவ்வொரு வரியாக விரலை இறக்கிக்கொண்டே வந்தோம். ஒரு பென்ஸ்கூட வித்தியாசம் இல்லை. கடைசியில், ஊர் அளவிலான மிகச் சிறிய மன்றமான பாரிஷ் கவுன்சில் என்ற இடத்துக்கு வந்தபோது எங்கள் சீட்டில் 126 பவுண்டு, அவருடைய சீட்டில் 34 பவுண்டு.

பாரிஷ் எல்லை எங்கள் தெருவின் நடுக்கோட்டில் ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஊஞ்சலில்தான் ஆடுகிறார்கள், ஒரே மண்டபத்தில்தான் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். போதாக்குறைக்கு, குடியிருப்பின் புல்லை வெட்டுவதற்கென்று ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் தனியாகப் பணம் கட்டுகிறோம். அண்ணர் ஒன்றும் சொல்லாமல் பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் தோய்த்தார். அந்தப் புன்னகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த 126 பவுண்டு எங்கே பிறக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். தெருவிளக்கு ஒன்றைப் பற்றி முறையிடுவதற்காக எங்கள் கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலின் ஜனவரிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் மின்கணப்பைச் சுற்றி மேல்கோட்டைக் கழற்றாமலே சில உறுப்பினர்கள் அமர்ந்திருந்தார்கள். பொதுமக்கள் தரப்பில் நான் ஒருவன்தான். புதைப்பதை நிறுத்திவிட்ட தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர் சரிந்துகொண்டிருந்தது. அப்படி மூடப்பட்ட தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பைத் தேவாலயம் பாரிஷ் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட முடியும். எங்கள் ஊரில் அதுதான் நடந்திருந்தது. சுவரைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று கிளார்க் அம்மையார் மதிப்பீட்டை வாசித்தார், ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், கைகள் உயர்ந்தன. ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஊர் முழுவதற்கும் வரி கூடிவிட்டது. தெருவிளக்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கணக்கு எளிமையானதுதான். பாரிஷ் கவுன்சில் தனக்கு வேண்டிய மொத்தத் தொகையை பிரிசெப்ட் என்ற பெயரில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம் கேட்கிறது. அந்தத் தொகையை, ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் பேண்ட் டி வீடுகளாக மாற்றிக் கணக்கிட்ட எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். பேண்ட் ஏ வீடு டி வீட்டின் ஒன்பதில் ஆறு பங்குதான் கட்டும் என்பதால், ஒன்பது ஏ வீடுகள் சேர்ந்து ஆறு டி வீடுகளாகின்றன. மேல்முனையில் ஒரு எச் வீடு இரண்டு டி வீடுகளுக்குச் சமம். ஆகவே 10,000 பவுண்டுச் சுவர் ஒன்று, 200 டி வீடுகளுக்குச் சமமான கிராமத்தில் டி வீடு ஒன்றுக்கு 50 பவுண்டாக விழும்; 5,000 டி வீடுகளுக்குச் சமமான நகரத்தில் அதே சுவருக்கு 2 பவுண்டுதான். உங்கள் எதிர் வீட்டுக்காரரின் பாரிஷ் சிக்கனமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; அது பெரியதாகவும் இருக்கலாம்.

தென்றல்

பாரிஷாவது ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்கள் வீட்டிலோ பேண்டே ஒரு சுவரின் இரு பக்கத்திலும் மாறுகிறது. லெஸ்டரில் இரட்டை வீட்டின் இடப்பாதி எங்களுடையது, பேண்ட் டி. அளவிலும் அறைகளிலும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் வலப்பாதி பேண்ட் சி. தலைவரியை ஒழித்து 1993 ஏப்ரலில் இந்த வரியைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே பேண்ட் பிரித்தார்கள். 68,000 பவுண்டு வரை சி, அதற்கு மேல் 88,000 வரை டி. பல வீடுகளை மதிப்பிட்டவர்கள் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை, தெருவில் ஓட்டிக்கொண்டு போகும்போதே எழுத்தைக் குறித்துக்கொண்டார்கள் என்பது இந்த நாட்டில் ஊரறிந்த செய்தி. அன்றைய எழுத்துத்தான் இங்கிலாந்தில் இன்றுவரை செல்லுபடியாகிறது.

மறுபரிசீலனை கேட்டு, வீடுகளுக்குப் பேண்ட் ஒதுக்கும் வேல்யுவேஷன் ஆபிஸ் ஏஜென்சிக்கு எழுதுவதற்காக, எங்களைப் போன்ற வீடுகளின் பேண்டுகளையும், 1989 ஏப்ரலுக்கும் 1993 மார்ச்சுக்கும் இடையே தெருவில் நடந்த விற்பனைகளையும் திரட்டி வைத்தேன். செய்தி எப்படியோ பக்கத்து வீட்டுப் பாட்டியின் காதுக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் துணி காயப்போட வந்தபோது, வேலியின் மறுபக்கம் எனக்காகவே காத்திருந்ததைப்போல் நின்றுகொண்டிருந்தார். "உன்னுடையதைக் குறைக்காமல் என்னுடையதை ஏற்றிவிட்டால் நான் என்ன செய்வேன், கண்ணே?" என்று கேட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவர். அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஒரு வீட்டைப் பற்றிக் கேட்கப்போய் அக்கம்பக்கத்து வீடுகளின் பேண்டும் உயரக்கூடும். படிவம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. நாடு முழுவதையும் புதிதாக மதிப்பிட்டுவிட்டால் இப்படி ஒருவரையொருவர் வேலிக்கு மேலாக அஞ்ச வேண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

குமரன்_லண்டன்

நெடுங்கேணியான் அண்ணா, தொண்ணூற்றிரண்டு பவுண்டுக்கு இவ்வளவு மனவருத்தமா? லண்டனில் எங்களுக்கு அந்தப் பாரிஷ் வரியே சீட்டில் கிடையாது. நகரம் முழுவதிலும் 2014-இல் வந்த குயின்ஸ் பார்க் ஒன்றுதான் பாரிஷ் கவுன்சில். போலீசும் தீயணைப்பும் மேயருடைய பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. உண்மையான பள்ளம் பெரிய கவுன்சில்களுக்கு இடையேதான் இருக்கிறது.

நான் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பெரிய அடுக்குமாடியில் வாயிற்காப்பாளராக வேலை செய்கிறேன். அங்கே பேண்ட் எச் வீடு ஒன்றை வாங்கிய பெரியவர், தம் சீட்டை வரவேற்பு மேசைக்குக் கொண்டுவந்து, "இது ஆறு மாதத்துக்கான தொகையா?" என்று கேட்டார். ஓராண்டுக்கானதுதான். 2,000 பவுண்டைக்கூடத் தொடவில்லை. வெளிவட்ட லண்டனில் மூன்று அறைகள் கொண்ட என் பேண்ட் டி வீட்டுக்கு நான் அதைவிட அதிகம் கட்டுகிறேன். "ஆமாம் ஐயா, ஆண்டு முழுவதற்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவருக்காக லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

2024-25-இல் வெஸ்ட்மின்ஸ்டரிலும் வாண்ட்ஸ்வொர்த்திலும் பேண்ட் டி ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு. நாட்டிங்ஹாமிலும் ரட்லண்டிலும் 2,500-க்கும் மேல். இங்கிலாந்தின் சராசரி 2,171. எச் என்பது டி-யின் இருமடங்கு என்பதால், வெஸ்ட்மின்ஸ்டரின் மாளிகையைவிட நாட்டிங்ஹாமின் சாதாரண வீடு கூடுதலாகக் கட்டியது என்பதை யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு வாகன நிறுத்தக் கட்டணமே பெரும் வருமானம்; வசதியான வீடுகளும் நெருக்கமாக இருக்கின்றன. முதியோர் பராமரிப்பே பெரும்பகுதியை விழுங்கும் கவுன்சில்களுக்கு அந்த வசதி ஏது? 2023-இல் குரோய்டனில் ஒரே ஆண்டில் 15 விழுக்காடு ஏற்றினார்கள். அதன் பக்கத்தில் உங்கள் கல்லறைச் சுவர் எம்மாத்திரம்?

அம்பிகை அக்கா

தம்பிமார் இருவரும் சண்டையிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்ற வீட்டுவரி கட்டிப் பழகிய என் சின்னம்மா, சித்தப்பா இறந்த பிறகும் ஆண்டுக்கணக்காக இங்கே முழு வரியையும் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் வயதுவந்தவர் ஒருவரே இருந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய சீட்டுகளையெல்லாம் நூலால் கட்டிப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தார். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக அவர் எடுத்துத் தந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆகவே இதை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். மறதிநோய் முதலிய கடுமையான மூளைப் பாதிப்பு உள்ளவரை, மருத்துவரின் சான்றிதழும் அதற்குத் தகுதியான உதவித்தொகை உரிமையும் இருந்தால், வரிக்கணக்கில் ஆளாக எண்ணுவதில்லை. அவர் மகளோடு மட்டும் வாழ்ந்தால் கால்பங்கு குறையும். தனியாகவே வாழ்ந்தால் வரியே இல்லை. வீட்டுக்குள் சக்கர நாற்காலி புழங்க இடம் தேவைப்பட்டாலோ, மாற்றுத்திறனாளி ஒருவருக்காக இரண்டாவது குளியலறை தேவைப்பட்டாலோ, ஒரு பேண்ட் குறைத்துக் கணக்கிடும்படி விண்ணப்பிக்கலாம். பேண்ட் ஏ வீட்டுக்கும் அந்தக் குறைப்பு உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு வரி கிடையாது, ஆனால் கல்லூரியின் கடிதத்தைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரல் தொடக்கம் ஜனவரி வரை பத்துத் தவணையாக வருவதைப் பன்னிரண்டாக மாற்றித் தரும்படி கேட்கலாம். மாதச் சுமை சற்றுக் குறையும். வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித் திட்டம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும் என்பதால், ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மச்சாளின் பேச்சை நம்பி லூட்டனில் இருப்பவர் ஏமாறக் கூடாது. தென்றல், நீங்களும் முதலில் இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா என்று பாருங்கள், அம்மா. பேண்டைக் கிளறுவது பிறகு இருக்கட்டும்.

பரிதி

பேண்டை யாரும் கிளறாமலே எங்களுக்கு ஏறிற்று. பின்பக்கம் நீட்டிக் கட்டிய வீட்டை, விற்றவர் கட்டிவந்த பேண்ட் சி வரியைக் கணக்கில் வைத்து வாங்கினோம். திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்த கடிதத்தில் பேண்ட் டி என்று இருந்தது. நீட்டிக் கட்டியவர் அந்த வீட்டிலேயே இருக்கும்வரை பேண்ட் ஏறாது, கைமாறும்போதுதான் ஏறும். வாங்குமுன் இணையத்திலுள்ள பேண்ட் பட்டியலில் அந்த முகவரியைத் தேடினால், வீடு மேம்படுத்தப்பட்டிருக்கிறதா என்ற குறிப்பும் அங்கே இருக்கும்.

கார்டிஃப் மருமகள்

தென்றல் கேட்கும் மறுமதிப்பீடு எங்கள் வேல்ஸில் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2003-இன் விலையை அடிப்படையாக்கி, எச்-சுக்கு மேல் ஐ என்றொரு பேண்டையும் சேர்த்து, 2005 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தினார்கள். இறங்கிய வீடுகளைவிட ஏறிய வீடுகள் பல மடங்கு அதிகம். என் மாமனார் நாற்பதாண்டு பேருந்து ஓட்டி வாங்கிய வீடு ஒரே கடிதத்தில் இரண்டு படி ஏறியது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டின் விலை ஏறியது நான் செய்த குற்றமா?" என்று மாமியாரிடம் கேட்டார். அத்தகைய வீடுகளுக்குச் சில ஆண்டுகள் சுமையைப் படிப்படியாக ஏற்றும் நிவாரணம் இருந்தது. பிறகு முழுத் தொகையும் வந்துவிட்டது. அடுத்த மறுமதிப்பீட்டை 2028-க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். 1991-ஐ மாற்றிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று இங்கிலாந்தில் இருப்பவர்கள் பேசும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தென்றல், அந்தப் பாட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

குமரன் தம்பிக்கு ஒரு சொல். பெரிய கவுன்சில்கள் அரசு விதித்த வரம்புக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் அரசிடம் தனி அனுமதி பெற வேண்டும், அல்லது மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2015-இல் பெட்ஃபோர்ட்ஷயர் போலீஸ் ஆணையர் 15.8 விழுக்காட்டு ஏற்றத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார், மக்கள் நிராகரித்துவிட்டார்கள். பாரிஷ் கவுன்சிலுக்கு அப்படியொரு வரம்பு இல்லை. தொகை சிறிது என்பதால் யாரும் பார்ப்பதில்லை, யாரும் பார்க்காததால் கைகள் எளிதாக உயர்கின்றன. நான் கண்ட கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்ததையும் சேர்த்தே சொன்னேன்.

நெடுங்கேணியான் தம்பி, புதிய குடியிருப்பு இரண்டு பாரிஷ்களில் கிடந்தால் எல்லையை மாற்றியமைக்கும்படி உங்கள் பகுதியின் பெரிய கவுன்சிலிடம் கேட்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதற்குப் பெயர் கம்யூனிட்டி கவர்னன்ஸ் ரிவ்யூ. சம்பந்தப்பட்ட பகுதியில் 500-க்கும் குறைவான வாக்காளர்கள் இருந்தால் அவர்களில் 37.5 விழுக்காட்டினர் மனுவில் கையெழுத்திட வேண்டும். 500 முதல் 2,500 வரை என்றால் 187 கையெழுத்துகள் போதும். எந்தப் பக்கத்துப் பாரிஷில் சேர விரும்புகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். அதற்கு முன்பு இரண்டு பாரிஷ்களின் ஆண்டுக் கணக்கையும் இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.