டின்னர், சப்பர், டீ: பாடக்குறிப்புக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, ஆங்கிலம் கற்போருக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தயாரிக்கிறேன். 'ஹேவ் டின்னர்' (இரவுச் சாப்பாடு சாப்பிடு) என்பதில் 'எ' (a) என்ற சொல் வராது. 'ஹேவ் எ லைட் டின்னர்' என அடைமொழி சேர்ந்தால் வரும். பலர் தடுமாறுவது இங்கேதான். இரவுக்கு என்ன சமையல் என்று கேட்க, 'வாட்ஸ் ஃபார் டின்னர்?' இதுவரை சரி.

பொருள்தான் சிக்கல். வட இங்கிலாந்தில் பலருக்கு டின்னர் மதியச் சாப்பாடு, டீ மாலைச் சாப்பாடு. சப்பர் சிலருக்கு வீட்டில் எளிமையாக முடிக்கும் இரவுச் சாப்பாடு, சிலருக்குப் படுக்குமுன் கொறிப்பது. 'ஹை டீ'கூட ஆடம்பரச் சிற்றுண்டியாகத் தொடங்கியதல்ல. உழைப்பாளர்கள் வேலை முடிந்து வந்து வயிறாரச் சாப்பிட்டது.

'கம் ரவுண்ட் ஃபார் டீ' என்று அழைத்தால் சாப்பாடா, தேநீர் மட்டுமா? ஐந்தரை, ஆறு மணி என்றால் சாப்பாடு என எழுதலாமா? பிரிட்டனில் இருப்பவர்கள் தங்கள் வட்டார வழக்கைத் தயவுசெய்து சொல்லுங்கள்.