மறுமொழி: காட்டுவழி வண்டியின் முன் பம்பருக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டுவழி வண்டிக்குச் செய்து மாட்டும் முன் பம்பரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு மோதுதாங்கி, முட்டுதாங்கி, முன்காப்பு, இடிதாங்கி என்று இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கடைசிச் சொல்லை முதலில் கழித்துவிடலாம். வண்டிக்கு இடிதாங்கி பொருத்தினார்கள் என்று எழுதினால் படிப்பவர் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார். மற்ற மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் நான் எழுதிவரும் கட்டுரையில் வரும் பொருளுக்கு மூன்றுமே ஒட்டவில்லை. அந்தப் பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

கட்டுரை அமெரிக்காவில் 2005 முதல் 2015 வரை விற்ற டொயோட்டா டகோமா பிக்கப்பைப் பற்றியது. ஆலையிலிருந்து வரும்போது அதன் முகத்தில் தெரிவது பிளாஸ்டிக் உறை. உறைக்குப் பின்னால் ஓர் உலோகக் குறுக்குச்சட்டம் இருக்கும். மோதினால் நசுங்கி, அடியின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டுச் சாவதுதான் இந்த அமைப்பின் வேலை. அமெரிக்கக் கூட்டரசின் பம்பர் விதியும் மணிக்கு 2.5 மைல் வேக மோதலைத்தான் பேசுகிறது. அதுவும் கார்களுக்கு மட்டும். பிக்கப்புகளை அது கட்டுப்படுத்தாது. ஆக, ஆலை பம்பருக்கு மோதுதாங்கி என்ற பெயர் கச்சிதம். எனக்கு மறுப்பே இல்லை.

சாலை இல்லாத கரடுமுரடான தடங்களில் வண்டி ஓட்டும் காட்டுவழிக்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் செய்வது வேறொரு பொருள். சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) இரண்டு நீள்சட்டங்களும் முன்னால் வந்து முடியும் இடத்தில் கால் அங்குலத் தகட்டில் தாங்குதகடுகள் வெட்டிப் போல்ட் போடுகிறார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து மாதிரி வெட்டி, வண்டி முகத்தில் வைத்துப் பார்த்து, பிடித்தபின் அதை 3/16 அங்குல எஃகுத் தகட்டுக்கு மாற்றுகிறார்கள். துண்டுகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்தி, சக்கரத்தை இருபுறமும் முழுக்கத் திருப்பி எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்கிறார்கள். அதன்பிறகுதான் முழுப் பற்றவைப்பு. அதையும் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதால் இங்கே இரண்டு அங்குலம், எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம் என்று மாறி மாறிப் போவார்கள். நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய தகடு கையில் மாட்டினால் முலாமைச் சுரண்டிவிட்டே பற்றவைக்க வேண்டும். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

எடையைப் பாருங்கள். 3/16 அங்குலத் தகடு சதுர அடிக்கு ஏறத்தாழ 7.65 பவுண்டு. பன்னிரண்டு சதுர அடி பிடித்தால் தொண்ணூறு பவுண்டைத் தாண்டிவிடும். எஃகுக் கயிறு சுற்றிய வின்ச் (கயிற்றை உருளையில் சுற்றி வண்டியை இழுக்கும் பொறி) அதன்மேல் இன்னொரு எண்பது. முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், அதையும் மாற்ற வேண்டிவரும். கல்லிலும் மேட்டிலும் ஏற முகத்தின் கீழ்ப்பகுதியைச் சரித்து வெட்டி அணுகுகோணத்தை (முகம் தரையில் இடிக்காமல் வண்டி ஏறக்கூடிய சரிவின் கோணம்) கூட்டுகிறார்கள். ஸ்பிரிங் உட்கார்ந்தால் சம்பாதித்த கோணத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும்.

இவ்வளவு பாடும் மோதலுக்காக என்று நினைத்தால் அது தப்பு. இழுப்புக்காகத்தான். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 5,500 பவுண்டு வண்டிக்கு 8,250. கடையில் அதற்கு அடுத்துக் கிடைப்பதை எடுப்பார்கள். அந்த எண்கூட உருளையில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போதுதான் பொருந்தும். அடுக்கு ஏற ஏற இழுப்பு குறையும். சேற்றில் அச்சு வரை இறங்கிய வண்டியை மரத்தில் கட்டி இழுக்கும்போது அந்த விசை முழுவதும் வின்ச் தட்டு, தாங்குதகடு, நீள்சட்டம் என்ற வழியில் சேசிஸுக்குப் போகிறது. அதில் எந்த இணைப்பு நெகிழ்ந்தாலும் ஆபத்து.

முன்காப்பு என்ற சொல்லை நான் ஏற்காததும் இதனால்தான். இந்தத் தகட்டுப் பெட்டி நசுங்காது. மோதினால் அடியை அப்படியே சேசிஸுக்குத் தள்ளிவிடும். காற்றுப்பையின் முன் உணரிகள் ஆலை வைத்த இடத்திலிருந்து நகரக்கூடாது என்று செய்பவர்களே மீண்டும் மீண்டும் சொல்லிக்கொள்கிறார்கள். குறுக்கே வரும் பாதசாரிக்கு இது காப்பே அல்ல. பெயரில் "காப்பு" என்று போட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: இழுநுகம்.

மாட்டுவண்டியில் ஏர்க்காலின் முன்முனையில் குறுக்கே கிடப்பது நுகத்தடி. மாடு இழுக்கும் விசையை வாங்கி, ஏர்க்கால் வழியாக அச்சுக்கும் பாரத்துக்கும் அனுப்புவது அதன் வேலை. சேசிஸின் நீள்சட்டங்களை ஏர்க்காலாக வைத்துப் பாருங்கள், அவற்றின் முனையில் குறுக்கே கிடக்கும் இந்த எஃகுப் பெட்டிக்குப் பெயர் தானாக வந்துவிடும். முதலில் முன்நுகம் என்றுதான் நினைத்தேன். புணர்ச்சியில் அது "முன்னுகம்" ஆகி யாருக்கும் புரியாமல் போகும் என்பதால் விட்டுவிட்டேன். இழுநுகம் வினைத்தொகை: இழுக்கும் நுகம், இழுத்த நுகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். பிறர் வண்டியை இழுக்கவும் இது உதவுகிறது அல்லவா.

இனி வந்த மறுப்புகள்.

> நுகம் மாட்டின் கழுத்தில் அல்லவா இருக்கும்? வண்டியின் முகத்தில் எப்படி?

ஐயா, மாட்டை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டிய பிறகு நுகம் எங்கே கிடக்கிறது? வண்டியோடுதான். அது வண்டியின் உறுப்பு. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியும் என்று சங்ககால உப்பு வணிகரான உமணர் சேம அச்சு (உதிரி அச்சு) கட்டிக்கொண்டு போன காலத்திலிருந்தே காட்டுவழி வண்டிக்கான சொல்வளம் நம்மிடம் இருக்கிறது. அதை எடுக்கக் கூச்சம் வேண்டாம் என்பது என் எண்ணம். "அடிமை நுகம்" என்ற வழக்கு சிலர் காதில் ஒலிக்கலாம். இழு என்ற முன்னொட்டு அதைப் போக்கிவிடும் என்று நம்புகிறேன்.

> பம்பர் என்றே எழுதிவிட்டுப் போகலாமே. பட்டறையில் யார் இழுநுகம் என்று கேட்கப் போகிறார்கள்?

பட்டறையில் யாரும் கேட்க மாட்டார்கள், உண்மை. ஆனால் பம்பர் என்ற சொல் நம்மூரில் ஏற்கெனவே இடம் மாறிப்போனது. 2017 டிசம்பரில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் வகைகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அந்தச் செய்தி தமிழில் "பம்பருக்குத் தடை" என்றே பரவியது. தடை ஆலை பம்பருக்கு அல்ல, அதன் முன்னால் கூடுதலாகப் பொருத்தும் குழாய்ச் சட்டத்துக்கு. மூன்று பொருளுக்கும் ஒரே பெயர் இருந்ததால் வந்த குழப்பம் அது. ஆலையில் வருவது மோதுதாங்கி, அதன் முன்னே மாட்டுவது காப்புக்கம்பி, மோதுதாங்கியைக் கழற்றிவிட்டுச் செய்வது இழுநுகம் என்று பிரித்தால் தெளிவு பிறக்கும். (கட்டுரையைப் படித்துவிட்டு இந்தியச் சாலையில் ஓட்டும் வண்டிக்கு யாரும் இதைச் செய்துவிடக் கூடாது. அதற்குத் தனி எச்சரிக்கை போடுகிறேன்.)

சார்ந்த சொற்களையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். ஷேக்கிள் (இழுகயிற்றைக் கோக்கும் U வடிவ எஃகு வளையம்) மாட்டுவதற்குத் தகட்டில் துளையிட்டு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சிலர் "இழுவைக் கண்" என்றீர்கள். ஊசிக்கும் பாத்திரத்துக்கும் காது என்று சொல்லும் மொழியில் இதற்குக் காதுதான் பொருத்தம்: இழுகாது. எதிர்மறை வினைபோல ஒலிப்பது சிக்கல், "இழுகாது இழுக்காது" என்று யாராவது கேலி செய்வார்கள். ஆகவே இழுவைக்காது. இதை முகத்தகட்டின் மேல் ஒட்டுவதில்லை என்பதைக் கட்டுரையில் அழுத்தியிருக்கிறேன். தகட்டில் பிளவு வெட்டி, காதை ஊடாக நுழைத்து, இருபுறமும் பற்றவைத்து, பின்னால் உள்ள தாங்குதகட்டோடு சேர்க்க வேண்டும். முக்கால் அங்குல ஷேக்கிளின் பணிச்சுமை, அதாவது அதில் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய சுமை, நாலே முக்கால் டன். அதைத் தாங்காத காதை வைத்துப் பயனில்லை.

வின்ச்சை வின்ச் என்றே விடுகிறேன். நம் விசைப்படகுகளில் வழங்கும் சொல் அது. மூலைகளில் முட்டுக்கொடுக்கும் முக்கோணத் தகட்டுக்கு மூலைமுட்டு போதும்.

முடிவாகாமல் நிற்பது ஒன்றே ஒன்று: வின்ச் கயிறு வெளியே வரும் துவாரத்தின் சட்டம். எஃகுக் கயிற்றுக்கு நான்கு உருளை வைத்தது, செயற்கை இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய விளிம்பு வைத்தது என்று அது இரண்டு வகை. நுகத்தின் நடு ஆணிக்குப் பகலாணி என்ற பெயர் இருப்பதால், நடுவில் இருக்கும் இதற்குப் "பகல்வாய்" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகு, ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது. நான் கயிற்றுவாய் என்று வைத்து, உருளைக் கயிற்றுவாய், வழுக்குக் கயிற்றுவாய் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். "வழுக்கு" இங்கே சரியாக உட்காரவில்லை என்பது தெரிகிறது. மழுங்கல், வழவு, இழைவாய் எதுவானாலும் எழுதுங்கள். வரைவு இந்த வாரக் கடைசியில் போகிறது.