வேகமான எஸ்எஸ்டி போட்டேன், எஃப்பிஎஸ் ஏறவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

ராக்கோழி

போன மாதம் கேம் கணினியிலிருந்த பழைய சாட்டா (வேகம் குறைந்த பழைய இணைப்பு) எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, நான்காம் தலைமுறை (ஜென் 4) என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். பழையது நொடிக்கு 550 எம்பி, புதியது 7,000 என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. கிட்டத்தட்ட 13 மடங்கு! இனி லோடிங் திரைக்கே வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

ஒரே சேவ் ஃபைலைத் திறந்து, போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் பார்த்தேன். முன்பு 19 நொடி, இப்போது 16. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) அதே 72. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பழையபெட்டி

உங்களுக்கு மட்டுமல்ல நண்பரே. நானும் இதே குழப்பத்தில் டாஸ்க் மேனேஜரை இரண்டாவது மானிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேமை லோட் செய்தேன். டிஸ்க் கோடு முதல் இரண்டு நொடி எகிறியது, அப்புறம் தரையோடு படுத்துவிட்டது. சிபியூவின் மொத்தக் கணக்கு 20 சதவீதம்கூட இல்லை. ஆனால் கோர் கோராகப் பிரித்துக் காட்டச் சொன்னால், ஒரே ஒரு கோர் மட்டும் 100-ல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சுருக்கி வைத்த கோப்புகளை விரிப்பது பெரும்பாலும் சிபியூ வேலை. டிரைவ் எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அது மென்று விழுங்கும் வேகத்தில்தான் விழுங்கும்.

ஜிடிஏ ஆன்லைன் கதை நினைவிருக்கிறதா? லோடிங் பல நிமிடம் இழுத்தது. எத்தனை பேர் டிரைவைத் திட்டியிருப்போம்! 2021-ல் ஒருவர் தோண்டிப் பார்த்தபோது, 10 எம்பி ஜேசன் கோப்பு (எழுத்து வடிவத் தரவுக் கோப்பு) ஒன்றைக் கேம் அசட்டுத்தனமாகப் படிப்பதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அதைத் திருத்தியதும் அவர் கணினியில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்கும் கீழே வந்தது. டிரைவை மாற்றவே இல்லை.

நாலாவதுகியர்

எனக்கு நேர்மாறான அனுபவம். ஆனால் நான் வந்தது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. ஓபன் வேர்ல்ட் கேமில் வண்டியை விரட்டினால், நாலு தெரு தாண்டியதும் ஒரு விக்கல். சாலை இருக்கும், கட்டடம் இருக்காது. பிறகு பொத்தென்று முளைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் முள் நகர்ந்து இடம் தேடவே 10 மில்லி நொடி போய்விடும், 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16.7. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டதுமே அந்த விக்கல் நின்றது. சராசரி எஃப்பிஎஸ் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுக் கேமில் முதல்முறை வருகிற திக்கல் பெரும்பாலும் ஷேடர் (காட்சியை வரைய கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) கம்பைல் ஆவதால் வருவது. அதற்காக நான் டிரைவை மாற்றி ஏமாந்திருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர்

மைக்ரோசாஃப்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் மாற்றும் என்று 2022-ல் நானும் நம்பினேன். கோப்பை விரிக்கும் வேலையை ஜிபியூவிடமே (கிராபிக்ஸ் சிப்) தள்ளிவிட அதில் வழி இருக்கிறது. ஆனால் கேமை எழுதுகிறவர் அதைப் பயன்படுத்தினால்தானே!

ராக்கோழி, நீங்கள் எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்? என் பி550 மதர்போர்டில் சிபியூவை ஒட்டிய எம்.2 ஸ்லாட் (என்விஎம்இ மாட்டும் இடம்) மட்டும்தான் ஜென் 4. கீழே இருப்பது ஜென் 3. அது தெரியாமல் கீழே மாட்டி, கூடவே இரண்டு சாட்டா போர்ட்டும் அணைந்துபோய், படம் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தேன். மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ராக்கோழி

ஐயோ, கீழ் ஸ்லாட்தான்! டிரைவின் வேகத்தை அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் ஓடவிட்டால் 3,500-ஐத் தாண்டவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, மேல் ஸ்லாட்டுக்கு மாற்றிவிட்டேன். இப்போது 7,000 முழுசாக வருகிறது.

அதே சேவ் ஃபைல், அதே ஸ்டாப்வாட்ச். 16 நொடி.